தரையைத் தொடும் கியர்

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக மிக அதிகம் விற்பனையாகும் பிக்கப் டிரக் ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை. அதில் எஃப்-150 டிரக்குகள் பலவும் ஆலையிலிருந்து 265/70 ஆர் 17 என்ற அளவு டயரோடு வெளிவருகின்றன. பக்கச்சுவரின் உயரத்தை இருமடங்காக்கி ரிம்மின் விட்டத்தோடு கூட்டினால் அந்த டயரின் மொத்த விட்டம் 803 மில்லிமீட்டர், அதாவது 31.6 அங்குலம். வாங்கியவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயர் போடுகிறார்கள். சிலருக்குத் தோற்றம் முக்கியம். சிலருக்குப் பாலைவனத்திலும் பாறைத் தடத்திலும் வண்டியின் அடிப்பாகம் இடிக்காமல் இருக்க வேண்டும். மாற்றிய சில வாரங்களில் இரண்டு குறைகள் தெரியவருகின்றன: மைலேஜ் விழுகிறது, டிரெய்லரை மாட்டினால் வண்டி திணறுகிறது. ஒரே டயரால் வந்தவை என்பதால் இவை ஒரே நோய் என்று எண்ணி, ஒரே மருந்தை நாடுகிறார்கள். பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியனை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஒர்க்ஷாப்புகளில் வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை. இந்த அத்தியாயத்தின் வாதம் அதற்கு மாறானது. பெரிய டயர் வண்டிக்குள் இரண்டு தனித்தனி மாற்றங்களைக் கொண்டுவருகிறது. ஒன்று அதன் ஆரத்தால் வருவது, மற்றொன்று அதன் உடலால் வருவது. முதல் மாற்றத்தைப் பல்சக்கரங்களால் பெரும்பாலும் ஈடுகட்டலாம். இரண்டாவதை ஈடுகட்ட எந்தப் பல்சக்கரமும் இல்லை. ஆரத்தால் வரும் இழப்பிலும் ஒரு பகுதி கியர் எட்டாத இடத்தில் இருக்கிறது. பாதுகாப்பைப் பொறுத்தவரை முக்கியமானது அதுதான்.

ஆரத்திலிருந்து தொடங்குவோம். எஞ்சின் தருவது முறுக்குவிசை. அது கியர்பாக்ஸில் பெருகி, ஆக்சிலில் மீண்டும் பெருகி, சக்கரத்தின் மையத்துக்கு வந்து சேர்கிறது. டிரெய்லரை இழுப்பது முறுக்குவிசை அல்ல. டயர் தரையைப் பின்னோக்கித் தள்ளும் நேர்விசைதான் இழுக்கிறது. முறுக்குவிசையை ஆரத்தால் வகுத்தால் அந்த நேர்விசை கிடைக்கும். அதனால் டயரும் ஒரு கியர்தான்: எஞ்சினில் தொடங்கும் பல்சக்கர வரிசையில் கடைசியாக நின்று தரையைத் தொடும் கியர். விட்டம் 803 மில்லிமீட்டரிலிருந்து 889 மில்லிமீட்டராகும்போது ஆரம் 10.7 சதவீதம் கூடுகிறது. தரையில் கிடைக்கும் விசை 9.7 சதவீதம் குறைகிறது. ஆக்சிலின் விகிதம் 3.73 என்றால், டயர் மாறிய பிறகு அது 3.37 போல வேலை செய்யும். இழுவைக்காகவென்று 3.73 ஆக்சிலைத் தேடி வாங்கிய ஒருவர், ஒரு பல்லைக்கூடத் தொடாமல் அந்த அனுகூலத்தை இழந்துவிடுகிறார்.

பெரிய சக்கரம் எளிதாக உருளும் என்பது காலங்காலமாகத் தெரிந்த உண்மையாயிற்றே, மாட்டு வண்டிக்கு ஆள் மார்பளவு சக்கரம் வைத்தது அதற்குத்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, விடையும் அந்த வண்டியிலேயே இருக்கிறது. மாட்டு வண்டியின் சக்கரத்தை யாரும் சுழற்றுவதில்லை. மாடு வண்டியை இழுக்கிறது, சக்கரம் பின்னால் உருண்டு வருகிறது. இழுபடும் சக்கரத்துக்கு ஆரம் கூடுவதால் நன்மைதான்: பள்ளத்தில் குறைவாக இறங்கும், கல்லின் மேல் சாய்வாக ஏறும், அச்சு உராய்வின் விளைவும் குறையும். டிரக்கின் பின்சக்கரமோ மையத்திலிருந்து முறுக்கப்பட்டு வண்டியைத் தள்ளும் சக்கரம். அங்கே ஆரம் என்பது எஞ்சினுக்கு எதிராக நிற்கும் நெம்புகோலின் நீளம். கரடுமுரடான தடத்தில் 35 அங்குல டயர் தரும் நன்மை பொய்யல்ல. ஆனால் தார்ச்சாலையில் மூன்று டன் டிரெய்லரோடு போகும்போது அந்த நன்மைக்கு வேலை இல்லை, விலை மட்டும் எஞ்சுகிறது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டு எஃப்-150 டிரக்கில் அறிமுகமான, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து வடிவமைத்த பத்து வேக தானியங்கிக் கியர்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கியரின் விகிதம் 4.696, பத்தாவது கியரின் விகிதம் 0.636. இவ்வளவு விரிந்த வரிசையில் 10 சதவீத இழப்பு ஒரு பொருட்டா? ஒரு கியர் கீழே இறங்கினால் போதுமே என்கிறார்கள். இதில் பெரும்பகுதி உண்மை. மேட்டில் ஏற வேண்டிய ஆற்றல் வீதம் டயரைப் பொறுத்ததல்ல. 2,500 கிலோ டிரக்கும் 3,200 கிலோ டிரெய்லரும் சேர்ந்து 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 60 மைல் வேகத்தில் போகின்றன என்றால், புவியீர்ப்பை வெல்ல மட்டும் 75 கிலோவாட், ஏறத்தாழ 100 குதிரைத்திறன் தேவை. சின்ன டயரானாலும் பெரிய டயரானாலும் கணக்கு அதுவே. காற்றையும் உராய்வையும் சேர்த்தாலும் இன்றைய எஞ்சினிடம் அதற்கு மேல் கையிருப்பு உண்டு. எஞ்சின் தனக்கு வாகான ஆர்பிஎம்மில் சுழல வழிசெய்வதுதான் கியர்பாக்ஸின் பணி, பத்து கியர் உள்ள பெட்டி அதை நன்றாகவே செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் இழுவை பற்றிய புலம்பல்களில் பாதி, நாலு கியர் பெட்டிகளின் காலத்துப் பழக்கத்தில் சொல்லப்படுபவை.

மறுப்பு தோற்பது வரிசையின் அடியில். முதல் கியருக்குக் கீழே இறங்க இடமில்லை; ரிவர்ஸுக்கு மாற்றே இல்லை. ஏரிக்கரைச் சரிவில் படகை நீரிலிருந்து மேலே இழுப்பது, டிரெய்லரை மேட்டில் பின்னோக்கித் தள்ளி நிறுத்துவது, செங்குத்தான சந்திப்பில் சிவப்பு விளக்கிலிருந்து புறப்படுவது: எடை இழுப்பவர்களின் அன்றாடத்தில் கடினமான வேலைகள் எல்லாம் இந்த அடிக்கியரில்தான் நடக்கின்றன. அங்கே எஞ்சின் 10.7 சதவீதம் கூடுதல் முறுக்குவிசை தர வேண்டும். அதையும் மெதுவான சுழற்சியில், டர்போ இன்னும் காற்றைத் திணிக்கத் தொடங்காத நிலையில் தர வேண்டும். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே எண்ணெயால் விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் அப்போது அதிகமாக வழுக்குகிறது. வழுக்கும் ஒவ்வொரு கணமும் எஞ்சினின் உழைப்பு எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. வண்டி நகர்ந்துவிடும், ஓட்டுநருக்குச் சற்றுச் சோம்பலாகத் தோன்றும், அவ்வளவே. தானியங்கிப் பெட்டியின் ஆயுளைக் குறைப்பதில் எண்ணெயின் சூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு, அந்தக் கணக்கு அன்றைக்குத் தெரிவதில்லை.

இழுக்கும் வரம்பு என்று விளம்பரத்தில் அச்சிடும் எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஓர் எண்ணைச் சொல்லிவந்தது. 2008இல் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. டொயோட்டா 2011 மாடல் டண்ட்ராவில் முதலில் ஏற்றது. மற்றவர்கள் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தார்கள். இந்தத் தரம் கோரும் சோதனையின் களம் அரிசோனாவில், கொலராடோ ஆற்றங்கரையின் புல்ஹெட் சிட்டியருகே தொடங்கி யூனியன் கணவாய்க்கு ஏறும் சாலை; டேவிஸ் அணை மேடு என்று துறையில் பெயர். 11 மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் சுமார் 3,000 அடி ஏற்றம். கோடை வெயிலில், ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகாமல், எஞ்சின் சூடேறி நிற்காமல் ஏற வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்ற நிலையிலிருந்து முன்னோக்கியும் பின்னோக்கியும் மீண்டும் மீண்டும் புறப்பட்டுக் காட்டவும் வேண்டும். மேலே சொன்ன அடிக்கியர் பிரச்சினையைச் சோதனையை வகுத்தவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. இந்தத் தேர்வுகளில் தேறிய எண், நிறுவனம் தானே தேர்ந்த டயரோடு தேறிய எண். கதவோரத்துத் தகட்டில் டயரின் அளவும் காற்றழுத்தமும் பொறித்திருப்பதற்கு அர்த்தம் உண்டு. டயரை மாற்றியவரிடம் இருப்பது யாரும் சோதிக்காத ஒரு வண்டி. பழைய எண்ணை அதற்குப் பொருத்திச் சொல்ல ஆதாரம் கிடையாது.

இனி எரிபொருள். இங்கே முதலில் செய்ய வேண்டியது அளவுகோலைச் சந்தேகிப்பது. வண்டி தூரத்தை நேராக அளப்பதில்லை. சுழற்சிகளை எண்ணி, டயரின் சுற்றளவால் பெருக்கிக்கொள்கிறது. சுற்றளவு மாறியதை அதற்குச் சொல்லாவிட்டால், 332 மைல் ஓடியிருக்கும்போது மீட்டர் 300 என்று காட்டும். இதற்கு 20 காலன் பெட்ரோல் செலவானது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் காலனுக்கு 15 மைல் என்று கணக்கிடுவார். உண்மையில் கிடைத்தது 16.6. முன்பு 18 கிடைத்துவந்தவர் ஆறில் ஒரு பங்கை இழந்துவிட்டதாக வருந்துவார். இழந்தது அதில் பாதிதான். பெரிய டயரின் மைலேஜ் இழப்பு பற்றி வாய்வழியாகப் பரவும் பயங்கரமான எண்களை இந்தத் திருத்தம் செய்யாமல் நம்பக் கூடாது. (இதே பிழையால் வேகமானி 60 காட்டும்போது வண்டி 66 மைல் வேகத்தில் போகும், டிரெய்லரோடு போகிறவர் உடனே திருத்த வேண்டியது இது.)

திருத்திய பிறகும் இழப்பு மிஞ்சுகிறது என்பதுதான் விஷயம். ஆரத்தை மட்டும் பார்த்தால் மிஞ்சக் கூடாது. பெரிய டயர் எஞ்சினை மெதுவாகச் சுழலவிடுகிறது. பெட்ரோல் எஞ்சின் குறைந்த ஆர்பிஎம்மில், அதிகச் சுமையில் ஓடும்போதுதான் சிக்கனமாக இருக்கும். ஓவர்டிரைவ் கியர் இருப்பதே அதற்காக. பெரிய டயர் மைலேஜைக் கூட்ட வேண்டும் என்று வாதிடுபவர்களின் இயற்பியலில் பிழை இல்லை. அவர்கள் கணக்கில் டயரின் ஆரம் இருக்கிறது, உடல் இல்லை. அந்த உடல் ரப்பரால் ஆனது. உருளும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும்போது நசுங்கி, விலகும்போது நிமிர்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுதும் நிமிரும்போது திரும்புவதில்லை; மீதி வெப்பமாகிறது. உருளும் எதிர்ப்பு என்பதில் பெரும்பகுதி இந்த வெப்பம்தான். சேற்றுக்கும் பாறைக்குமென்று செய்த டயரில் ரப்பர் தடிமன் அதிகம், கட்டிகள் உயரம், அவை ஒவ்வொன்றும் தனியே வளைந்து நெளிகின்றன. அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சிக் குழுமம் 2006இல் வெளியிட்ட அறிக்கையின் கணிப்புப்படி, உருளும் எதிர்ப்பு 10 சதவீதம் குறைந்தால் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் கூடும். எதிர்த்திசையிலும் ஏறத்தாழ அதே கணக்குத்தான். ஆலை டயரைவிட 30 சதவீதம் கூடுதல் எதிர்ப்புள்ள முரட்டு டயரைப் போட்டால் 3 முதல் 6 சதவீதம் வரை அங்கேயே போய்விடும்.

எடையைப் பற்றி ஒரு நம்பிக்கையைக் களைந்தாக வேண்டும். சக்கரத்தில் கூடும் ஒரு கிலோ, வண்டியின் மேல் ஏற்றிய பத்து கிலோவுக்குச் சமம் என்று சொல்வார்கள். இயற்பியல் அவ்வளவு கொடுப்பதில்லை. உருளும் பொருளுக்கு முன்னே நகரும் ஆற்றலும் சுழலும் ஆற்றலும் சேர்ந்தே உண்டு. எடை முழுதும் டயரின் வெளிவிளிம்பில் இருந்தாலும் சுழலும் ஆற்றல் நகரும் ஆற்றலுக்குச் சமமாகத்தான் வரும். ஆரம் எவ்வளவானாலும் இது மாறாது, ஏனெனில் விளிம்பின் வேகம் எப்போதும் வண்டியின் வேகமே. ஆகவே ஒரு கிலோ அதிகபட்சம் இரண்டு கிலோ போல நடந்துகொள்ளும். 35 அங்குல டயர் ஒவ்வொன்றும் 12 கிலோ கூடுதலாக இருந்தால், நான்கும் சேர்ந்து 100 கிலோவுக்குள் அடங்கும் சுமை. இரண்டரை டன் டிரக்குக்கு அது 4 சதவீதம்கூட இல்லை. நின்று நின்று போகும் நகரத்தில் அது உணரப்படும், நெடுஞ்சாலையின் சீரான வேகத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும்.

நெடுஞ்சாலையில் மறையாதது காற்று. மணிக்கு 60 மைலுக்கு மேல், வெறும் வண்டியாகப் போகும் டிரக்குக்குக் காற்றின் எதிர்ப்பு உருளும் எதிர்ப்பைவிடப் பெரிது. அது வேகத்தின் இருமடியில் வளர்கிறது. பெரிய டயருக்கு இடம் கொடுக்க வண்டியை 2 முதல் 4 அங்குலம் உயர்த்துகிறார்கள். உயர்ந்த வண்டியின் அடியில் புகும் காற்று ஆக்சிலிலும் குழாய்களிலும் மோதிக் குலைகிறது. 12.5 அங்குல அகலமுள்ள டயர்கள் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நேர்க்காற்றில் நிற்கின்றன. அவற்றின் மேற்பகுதி வண்டியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து எஞ்சினின் சுமையைக் கூட்டும்போது, பெரிய ஆரம் தருவதாகச் சொன்ன சிக்கனம் கைவிட்டுப் போகிறது: பெட்டி பத்தாவது கியரில் நிற்க முடியாமல் எட்டுக்கும் ஏழுக்கும் இறங்குகிறது. செவர்லே சில்வராடோவில் உள்ள, தேவைக்கேற்ப சிலிண்டர்களை அணைத்துவைக்கும் ஏற்பாடு போன்றவையும் சுமை குறைந்த நேரத்தில்தான் பயன் தரும். சுமை கூடினால் அணைக்கும் வாய்ப்பு குறைகிறது.

இத்தனையும் ஏட்டுக் கணக்குதானே என்று ஒதுக்க முடியாதபடி ஒரு சான்று ஃபோர்டு நிறுவனத்திடமே இருக்கிறது. 2017 எஃப்-150 ராப்டர், ஆலையிலேயே 35 அங்குல டயரோடும் 4.10 ஆக்சிலோடும் வருவது. எஞ்சின், சாதாரண எஃப்-150இலும் கிடைத்த 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் குடும்பத்தின் மேலும் வலிமையான வடிவம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் அந்தக் குடும்பத்தின் சாதாரண நாற்சக்கர இயக்க எஃப்-150 காலனுக்குச் சராசரியாக 20 மைல் தருகிறது, ராப்டர் 16. நூறு மைலுக்கு 5 காலன் குடித்த இடத்தில் 6.25. இழுக்கும் வரம்பு, சாதாரண எஃப்-150 வரிசையில் உச்சமாக 12,200 பவுண்ட். ராப்டரின் நாலு கதவு வடிவத்தில் 8,000. இதை முழுதும் டயரின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. பாலைவனத்தில் பறந்து விழுவதற்கென்று செய்த மென்மையான நீள் சஸ்பென்ஷன் எடையைத் தாங்கும் திறனைக் குறைக்கிறது. வண்டி அகலமும் அதிகம். ஆனால் பின்னர் வந்த 2021 ராப்டரில் இந்தச் சாக்கும் பெருமளவு விலகுகிறது. அதே உடல், அதே எஞ்சின், 35 அங்குல டயரா 37 அங்குல டயரா என்று வாங்குபவரே தேர்ந்துகொள்ளலாம். மதிப்பீட்டில் முன்னது காலனுக்கு 16 மைல், பின்னது 15. சுமக்கும் எடை 1,400 பவுண்டிலிருந்து 1,200 பவுண்டாக இறங்குகிறது. இரண்டு அங்குலத்துக்கு, அதையும் அதற்கென்றே சஸ்பென்ஷனைத் தகவமைத்த பொறியாளர்கள் கையில், இவ்வளவு விலை. வீட்டு முற்றத்தில் மூன்றரை அங்குலம் கூட்டுகிறவருக்கு அதைவிடச் சலுகை கிடைக்க இடமில்லை.

இப்போது கிரவுன் பினியனுக்கு வரலாம். 3.73ஐ எடுத்துவிட்டு 4.10 போட்டால், 35 அங்குல டயரோடு அது 3.70 போல நடக்கும். ஏறக்குறைய பழைய நிலை. அடிக்கியரின் வலிமை திரும்புகிறது, கன்வர்ட்டரின் வழுக்கல் குறைகிறது, கியர்கள் மாறும் தருணங்கள் பழையபடி அமைகின்றன. எடை இழுப்பவர் 35 அங்குலத்தை விடமாட்டேன் என்றால் இந்த மாற்றம் அவசியம் என்றே சொல்வேன். நாற்சக்கர இயக்கத்தில் முன் ஆக்சிலையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதால் செலவு சிறிதல்ல. ஆனால் இதனால் மைலேஜ் பழைய இடத்துக்குத் திரும்பும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். ரப்பரின் வெப்பம், கூடிய எடை, துருத்தும் அகலம், உயர்ந்த உடல் எதையும் பல்சக்கரம் தொடவில்லை. ராப்டரின் 4.10 ஆக்சில் அந்த வண்டியை 20 மைலுக்குத் திருப்பவில்லை என்பதை நினைவில் கொள்ளலாம்.

பிரேக்கைத் தொட கியரால் முடியாது. டிஸ்க்கும் பேடும் ஆக்சிலின் பல்சக்கரத்துக்கு அப்பால், சக்கரத்தின் மையத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. மிதி அழுத்தம் ஒன்றாகவே இருந்தால் அவை தரும் நிறுத்தும் முறுக்கும் ஒன்றே. டயரின் ஆரம் கூடியதால் தரையில் நிறுத்தும் விசை 9.7 சதவீதம் குறையும். எஞ்சினுக்குப் பின்னால் பத்து கியர் நின்று இந்த இழப்பை மறைக்கின்றன. பிரேக்குக்குப் பின்னால் ஓட்டுநரின் கால் மட்டுமே. ஆரம் கூடியதால் டிஸ்க் கூடுதலாகச் சூடாகும் என்று சிலர் சொல்வது சரியல்ல; 10.7 சதவீதம் கூடுதல் அழுத்தம் தேவைப்படும்போது டிஸ்க் அதே விகிதத்தில் மெதுவாகச் சுழல்வதால் வெப்ப வீதம் சமமாகவே இருக்கும். குறைவது கையிருப்பு. பேடுகள் சூட்டில் பிடியை இழக்கத் தொடங்கும்போது, இன்னும் அழுத்தி மிதிக்க எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் மலைச்சாலையில் கேள்வி. அந்த மிச்சத்திலிருந்து ஒரு பங்கைப் பெரிய டயர் முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டது.

டேவிஸ் அணை மேட்டை இறக்கமாக எண்ணிப் பாருங்கள். 5,700 கிலோ எடை 3,000 அடி இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 14 கிலோவாட்-மணி. அதில் ஒரு பகுதியைக் காற்றும் உருளும் எதிர்ப்பும் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். டயர் பெரிதானால் அதே கியரில் எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் அதன் தடுப்பு முறுக்கு குறைகிறது. குறைந்த முறுக்கும் நீண்ட ஆரத்தால் வகுபடுகிறது. இரட்டை இழப்பு. ஓட்டுநர் ஒரு கியர் கூடுதலாக இறக்கிக்கொண்டால் இது ஈடாகும். பழைய பழக்கத்தில் பழைய கியரிலேயே இறங்கினால் மிச்சம் முழுதும் பேடுகளின் மேல் விழும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதே என்பது உண்மைதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு அது கட்டாயம். ஆனால் அது தன் எடையைத் தாங்கவே அமைந்தது. அதன் மின்னிணைப்பு ஓர் இறக்கத்தில் அறுந்துபோனால் முழு எடையும் டிரக்கின் நாலு டிஸ்க்குகளுக்கு வரும். ஜாக்கிரதையான பொறியாளர் கணக்கிட வேண்டியது அந்த நிமிடத்தைத்தான். 35 அங்குல டயரோடு அடிக்கடி எடை இழுப்பவர் பெரிய டிஸ்க்கும் அதற்கேற்ற காலிப்பரும் போட வேண்டும், அல்லது இழுக்கும் எடையைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, செலவும் அதில் குறைவு: இரண்டு செட் சக்கரங்கள். தடத்துக்குப் போகும் மாதங்களுக்கு 35 அங்குலம், டிரெய்லர் மாட்டும் மாதங்களுக்கு ஆலை அளவு. அப்படி மாற்றி மாற்றி ஓட்டுபவர் ஆக்சிலை 3.73இலேயே விட்டுவிடலாம். வண்டியை உயர்த்தியிருந்தால் கொக்கியும் உயர்ந்திருக்கும். டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி தாழ்கொக்கி மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறை சக்கரம் மாற்றும்போதும் டயரின் சுற்றளவை வண்டியின் கணினியில் திருத்தி, சக்கர நட்டுகளை ஐம்பது, நூறு மைல் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.